இயந்திர நாய்: ஜீனோவும் ஐபோவும்

சோனி நிறுவனம் 1999 ஜூன் 1 அன்று ‘ஐபோ’ என்ற இயந்திர நாயை இணையம் வழியே விற்பனைக்கு விட்டது. ஜப்பானுக்கென ஒதுக்கிய 3,000 நாய்களும் 20 நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன. ஒன்றின் விலை 2,50,000 யென். இத்தனைக்கும் அந்த நாய் வீட்டைக் காக்காது, தரையைப் பெருக்காது, வேறெந்த வேலையும் செய்யாது.

தமிழ் வாசகருக்கு இயந்திர நாய் அதற்கு முன்பே பழக்கம். சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ தொடர்கதையில் வரும் ஜீனோ புத்தகம் படிக்கும், தர்க்கம் பேசும், கதை நகர நகரத் தானே சிந்திக்கவும் தொடங்கும். தூர்தர்ஷனிலும் அது தொடராக வந்தது. ‘மீண்டும் ஜீனோ’ என்று கதையின் அடுத்த பகுதியும் வெளியானது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சுஜாதா, ஜீனோவுக்குக் கொடுத்த பெரிய வரம் அறிவு. ஐபோவை உருவாக்கியவர்கள் அந்த வழியில் போகவில்லை.

சோனியில் இந்த முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் தோஷிதாதா தொய். மென்பொருளிலும் நடத்தை அமைப்பிலும் முன்னின்றவர் மசாஹிரோ ஃபுஜிதா. 1990களின் இயந்திரங்களுக்குப் பேச்சைப் புரிந்துகொள்வதும் பொருளை அடையாளம் காண்பதும் அடிக்கடி தவறின. வேலைக்கார இயந்திரம் அப்படித் தவறினால் யாரும் பொறுக்க மாட்டார்கள். கூப்பிட்டதும் நாய் வராவிட்டால் ‘அதற்கு இப்போது மனமில்லை’ என்று வீட்டாரே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். தொழில்நுட்பத்தின் குறையை நாயின் குணமாக மாற்றிய இந்த முடிவே ஐபோ வடிவமைப்பின் உயிர்நாடி.

அதற்கேற்பவே உள்ளமைப்பும் இருந்தது. மகிழ்ச்சி, துயரம், கோபம், வியப்பு, அச்சம், வெறுப்பு என ஆறு உணர்ச்சிகளுக்கு மென்பொருளில் இடம் இருந்தது. பாசம், தேடல், நடமாட்டம், பசி ஆகியவை இயல்பூக்கங்கள். பசி என்றால் மின்கலத்தில் சார்ஜ் குறைவது. இவற்றின் அளவு ஏறி இறங்குவதைப் பொறுத்து நாய் அடுத்து என்ன செய்யும் என்பது அமையும். தலையில் தொடு உணரி உண்டு. அதை மெல்ல அழுத்தினால் பாராட்டு, சட்டென்று தட்டினால் கண்டிப்பு. கறுப்புக் கண்ணாடி மறைத்த முகத்தில் கண் விளக்கு பச்சையாக ஒளிர்ந்தால் மகிழ்ச்சி, சிவந்தால் கோபம். இளஞ்சிவப்புப் பந்தைக் கண்டால் பின்னாலேயே போகும். விழுந்தால் தானே எழும்; அந்தத் தடுமாற்றமே பார்ப்பவர்களைப் பெரிதும் கவர்ந்தது.

உருவத்தை வரைந்தவர் ஹாஜிமே சொராயாமா. பளபளக்கும் உலோக உடல்களை வரைந்து புகழ்பெற்ற ஓவியர் அவர். செயற்கை மயிர் போர்த்தி நிஜ நாயாக நடிக்க வைக்காமல், இது இயந்திரம்தான் என்று வெளிப்படையாகக் காட்டும் வெள்ளி நிற உடலை அவர் கொடுத்தார். அந்த நேர்மை சரியான தேர்வு. நிஜ நாயைப் போலப் பாசாங்கு செய்திருந்தால் ஒவ்வோர் அசைவிலும் குறை தெரிந்திருக்கும். முதல் ஐபோ 1999ஆம் ஆண்டுக்கான ஜப்பானின் நல்வடிவமைப்புப் பெரும்பரிசைப் பெற்றது. பின்னர் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் இடம்பெற்றது.

அதே ஆண்டு நவம்பரில் 10,000 நாய்கள் விற்பனைக்கு வந்தபோது 1,35,000 கோரிக்கைகள் குவிந்தன. யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலக் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு, தகுதியுடையோர் பலராகவும் இடம் சிலவாகவும் இருக்கையில் குலுக்கிப் போடுவது புதிய செய்தியல்ல. வெவ்வேறு தோற்றத்தில் அடுத்தடுத்த மாதிரிகளும் வந்தன. சிங்கக் குட்டி சாயலில் ஒன்று, உருண்டை முகக் குட்டிகளாக லாட்டே, மாக்கரோன் என்று இரண்டு. சேகரிப்போர் ஒன்றுக்கு மேல் வாங்கினார்கள். ஆய்வாளர்கள் வேறு காரணத்துக்காக வாங்கினார்கள்: ரோபோகப் போட்டியின் நான்குகால் பிரிவில் பல்கலைக்கழக அணிகள் ஐபோக்களைக் கால்பந்து ஆட வைத்தன.

ஏறத்தாழ 1,50,000 விற்ற பிறகு, 2006இல் சோனி உற்பத்தியை நிறுத்தியது. 2014 மார்ச்சில் பழுதுநீக்கும் சேவையும் முடிந்தது. இயந்திர நாயின் வரலாற்றில் மிகவும் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். மூட்டு தேய்ந்து நடக்க முடியாத நாய்களை வைத்திருந்தவர்களில் முதியோர் பலர். முன்னாள் சோனி ஊழியர்கள் ‘ஏ-ஃபன்’ என்ற சிறு நிறுவனத்தை நடத்தி அவற்றைச் சரிசெய்தார்கள். புதிய உதிரிபாகம் கிடைக்காததால் ஓய்ந்துபோன நாய்களைக் கழற்றித்தான் மற்றவற்றைப் பிழைக்க வைக்க முடிந்தது. கழற்றுமுன் சிபா மாநிலத்து இசுமி ஊரின் கோஃபுகுஜி பௌத்தக் கோயிலில் சடங்கு நடந்தது. வரிசையாக அமர்த்திய ஐபோக்களில் ஒவ்வொன்றிலும் எந்த ஊரிலிருந்து, எந்தக் குடும்பத்திலிருந்து வந்தது என்று எழுதிய சீட்டு. முன்னால் பிக்குகளின் மந்திரம். 2018 ஏப்ரலுக்குள் ஏறக்குறைய 800 நாய்களுக்கு இப்படி வழியனுப்பு நடந்தது. ஆயுத பூசையன்று டிராக்டருக்கும் தையல் எந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் இடும் ஊரில் இதைக் கேலி செய்வார் இல்லை. ஆனால் டிராக்டர் சோறு போடுகிறது. ஐபோ எதுவும் செய்ததில்லை. உடனிருந்தது ஒன்றுக்காகவே அதற்கு அந்த மரியாதை.

நாய் வடிவத்தைக் கண்டதும் உறவு கொண்டாடுவது ஜப்பானியருக்கு மட்டும் உரியதல்ல. 2025 ஐபிஎல் ஆட்டங்களில் ஒளிபரப்புக் கேமராவைச் சுமந்து வந்த நான்குகால் ரோபோவுக்கு ரசிகர் வாக்கெடுப்பில் ‘சம்பக்’ என்று பெயர் வைத்தார்கள். அதே பெயரில் சிறுவர் இதழ் நடத்துவோர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார்கள்.

2018 ஜனவரியில் சோனி புதிய ஐபோவை வெளியிட்டது. கண்கள் ஓஎல்இடி திரைகளாயின. உடலில் 22 அசைவுப் புள்ளிகள். நினைவு இணையத்தில் சேர்கிறது. வெளியானபோது விலை 1,98,000 யென், அதற்கு மேல் தொடர் சந்தா. முகங்களை அடையாளம் காணும் திறன் இருப்பதால், உயிரியல் அடையாளத் தரவுச் சட்டம் கடுமையான அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் அது விற்கப்படவில்லை. சந்தா ரத்தான நாய்களைத் திரும்பப் பெற்று, செப்பனிட்டு, மருத்துவ நிலையங்கள் போன்ற இடங்களுக்கு வழங்கும் வளர்ப்புப் பெற்றோர் திட்டத்தையும் 2023இல் சோனி அறிவித்தது.