காணாமற் சொன்ன ‘கண்டேன்’



கவிஞர் அவையில் கப்பற் செய்தி எதற்கு என்னும் ஐயம் எழலாம். இது கப்பலைக் காட்டிலும் ஒரு சொல்லைப் பற்றிய செய்தி; அச்சொல் கவிஞர்க்கும் உரியது.

1995 ஆம் ஆண்டு ஜூன் 9 ஆம் நாள் நண்பகலில் பெர்முடாத் தீவிலிருந்து பாஸ்டன் நகர் நோக்கி ‘ராயல் மெஜஸ்டி’ என்னும் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. அதில் 1,509 பேர் இருந்தனர். செயற்கைக்கோள்களின் துணையால் இடமறியும் ஜி.பி.எஸ். கருவியும், அக்கருவியின் சொற்கேட்டுத் திரும்பும் தானியங்கிச் சுக்கானும் இருந்தன.

புறப்பட்ட ஒரு மணி நேரத்திற்குள் கருவியின் ஆன்டெனாக் கம்பி கழன்றது. விண்ணிலிருந்து வந்த குறிப்பு நின்றது; கருவி நிற்கவில்லை. திசையையும் வேகத்தையும் கொண்டு, கப்பல் இன்ன இடத்தில் இருக்க வேண்டும் எனத் தானே கணக்கிடத் தொடங்கிற்று. மாலுமிகள் நூற்றாண்டுகளாகச் செய்துவந்த கணக்கே அது. ஆயின், காற்றும் நீரோட்டமும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளுவதை அக்கணக்கு அறியாது. பழைய மாலுமி அதனை உணர்ந்து, கரையையோ விண்மீனையோ நோக்கித் திருத்திக்கொள்வான். கருவி பொய்யுரைத்தது என்பதற்குமில்லை. தன் நிலை மாறியதைச் சில சிற்றெழுத்துக்களால் திரையில் அறிவித்தது. நொடிப்பொழுது ஒலியும் எழுப்பிற்று. அவ்வெழுத்துக்களை 33 மணி நேரத்திற்கு மேல் எவரும் கருத்தில் கொள்ளவில்லை.

கருவி காட்டிய இடத்தை மணிதோறும் வரைபடத்தில் குறித்தனர். குறித்தவை யாவும் வழிக்கோட்டின்மீது பிசிறின்றி அமைந்தன. அமையாமல் என் செய்யும்? கருவி தன் கணக்கிற்கேற்பவே கப்பலைச் செலுத்திற்று! தரை நிலையங்களின் குறிப்பைக் கொண்டியங்கும் லோரான் என்னும் மற்றொரு கருவி அக்கப்பலிலேயே உண்மையான இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாரில்லை. ஆழமானியின் எச்சரிக்கையோ 0 மீட்டருக்கு வைக்கப்பட்டிருந்தது.

பாஸ்டன் செல்லும் கப்பல்வழியில் மிதவைகள் வழிக்குறிகளாய் நிற்கும். மறுநாள் மாலை, முதல் மிதவை வரவேண்டிய நேரத்தில் ரேடாரில் ஒரு பொருள் தென்பட்டது. கதிரவனொளி கண்ணைக் கூசச் செய்ததால் அது இன்னதெனக் கண்ணால் அறியக்கூடவில்லை; எதிர்பார்த்த மிதவை அதுவே எனக் கொண்டனர். உண்மையில் அது பல மைல் மேற்கே நின்ற வேறொரு மிதவை. அடுத்த மிதவை தென்படவே இல்லை. அதனைக் கண்டீரா என மீகாமர் வினவியபோது, பணியிலிருந்த அதிகாரி ‘கண்டேன்’ என்றார். அவர் கண்டிலர். கருவி வழி தவறவில்லை எனக் காட்டியமையால், மிதவை அங்கிருந்தே தீரும், ரேடாரில்தான் விழவில்லை என்று அவர் எண்ணியதாக விசாரணையில் தெரியவந்தது. அவரைப் பொய்யர் என்று தள்ளுவது எளிது. அவர் கருவியை நம்பினார். நம்பியதைக் கண்டதாகவே கொண்டார்.

இலங்கையினின்று மீண்ட அனுமன் வாயில் கம்பர் வினைச்சொல்லை முதலில் வைத்த நயத்தைத் தமிழ் மேடைகள் வியந்து ஓய்ந்ததில்லை. சொல்லின் வரிசை பேசப்படும் அளவிற்கு, அதனைச் சொல்ல அவன் பெற்ற உரிமை பேசப்படுவதில்லை. கடலைக் கடந்து, இரவெல்லாம் தேடி, அசோகவனத்தில் கண்ணாரக் கண்ட பின்னரே அவன் அச்சொல்லைச் சொல்கிறான். நிலவையும் குயிலையும் முன்னோர் பாட்டிலன்றி வேறெங்கும் காணாது, கண்டதாகவே பாடும் கவிதைகள் இன்று மிகுதி. அவற்றை எழுதியோர் பொய்யரல்லர்; அந்த அதிகாரியைப் போன்றவரே.

அவ்விரவு கப்பலில் கண்கொண்டு பார்த்தவரும் இருந்தனர். காவற்பணியாளர் முதலில் மஞ்சள் ஒளியொன்றையும், அடுத்து உயரத்தே சிவப்பு விளக்குகளையும், பின்னர் நேரெதிரே நீலமும் வெண்மையுமாய் நிறம் மாறிய நீரையும் கண்டு மேலவர்க்கு அறிவித்தனர். மீன்பிடிக் கலத்திலிருந்து ரேடியோவில் வந்த அழைப்பிற்கும் கப்பலிலிருந்து மறுமொழி இல்லை. இரவு 10.25 மணிக்கு, நான்டக்கெட் தீவிற்குக் கிழக்கே ஏறத்தாழ 10 மைல் தொலைவிலுள்ள மணற்றிட்டில் கப்பல் தட்டி நின்றது. செல்ல வேண்டிய வழியினின்று 17 மைல் விலகியிருந்தது. எவர்க்கும் ஊறில்லை. மறுநாள் இரவு இழுவைக் கலங்கள் அதனை மீட்டன.