தீர்ப்பு வந்த மறுநாள்
(அனகாபுத்தூர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2025 மே மாதம் அடையாற்றங்கரையில் வீடுகள் இடிபட்டதைப் பார்த்த ஊர் இது. "கோர்ட்டே சொல்லிட்டாங்க, இனிமே என்ன இருக்கு" என்ற பேச்சு இங்கே சாதாரணமாகிவிட்டது. சிவில் வழக்கில் முதல் தீர்ப்பு முடிவல்ல. சாதி இந்துக்களுக்கு இது எப்போதோ தெரியும்.

1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் அண்ணல் தண்ணீர் குடித்ததைப் பேசுகிறோம். அதற்குப் பிறகு நடந்த வழக்கைப் பேசுவதில்லை. அந்த டிசம்பரிலேயே சாதி இந்துக்கள் அண்ணல்மீது சிவில் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கினார்கள். 1931இல் வழக்கு தோற்றது. தாணேவுக்கு அப்பீல் போனார்கள். 1933இல் அதுவும் தோற்றது. பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 1937 மார்ச் 17இல் அங்கேயும் தோல்வி. நம்மை விலக்கிவைக்கும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்தது என்பதை அவர்களால் நிரூபிக்க முடியவில்லை.

அடுத்தவன் தண்ணி குடிக்கக் கூடாதுங்கிறதுக்கே மூணு கோர்ட் ஏறினான். குடியிருக்கிற மண்ணுக்காக நாம ஒரு கோர்ட்டோட திரும்பி வரணுமா?

நான் வங்கி குமாஸ்தா. கடன் பத்திரத்தின் காலக்கெடுவை எந்த வங்கியும் மறக்காது. அப்பீலுக்கும் கெடு உண்டு: மாவட்ட அளவிலான கோர்ட் என்றால் 30 நாள், ஹைகோர்ட் என்றால் 90 நாள். டிகிரி தேதியிலிருந்து எண்ண வேண்டும். சான்றிட்ட நகல் தயாராக ஆகும் நாட்கள் கழியும். ஆனால் அதற்கு முதலில் நகல் மனு போட்டிருக்க வேண்டும். கெடு தாண்டினால் ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் சொல்லி மனுப் போட வேண்டும். ஏற்பதும் தள்ளுவதும் கோர்ட் விருப்பம்.

இன்னொன்று. அப்பீல் போட்டாலே டிகிரி நின்றுவிடாது. தடை கேட்டுத் தனி மனு போட வேண்டும். இது தெரியாமல், அப்பீல் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டை இழக்கலாம்.

மேல்கோர்ட்டில் புதுச் சாட்சியம் லேசில் ஏறாது. வரி ரசீது, மின்கட்டண அட்டை, பட்டா எல்லாம் கீழ்க்கோர்ட்டிலேயே குறியீடாக வேண்டும். மகாத் வழக்கு நின்றதும் கீழே பதிவான சாட்சியத்தின் மேல்தான்.

"வக்கீலுக்குப் பணம்?" என்பீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பட்டியல் சாதியினருக்கு இலவச வக்கீல் உண்டு. வருமான வரம்பு கிடையாது. இது சலுகை இல்லை, உரிமை. தாலுகா கோர்ட்டிலேயே மனுக் கொடுக்கலாம்.

மாணவத் தோழர்களே, தெருவுக்கு ஒருவர் இந்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு பாதகமாக வந்தால் அழுகிற வீட்டில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லுங்கள். மறுநாள் காலையில் நகல் மனுவோடு கோர்ட் வாசலில் நில்லுங்கள்.