படகின் வயிற்றில் தண்ணீர்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் தொழிலைப் பற்றிக் கால் மணி நேரம் பேசு" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். என்னோடு படித்தவர்களில் சிலர் பாலம் கட்டுகிறார்கள், சிலர் மென்பொருள் எழுதுகிறார்கள். நான் மீனவர்களின் ஃபைபர் படகுகளைப் பழுது பார்க்கிறேன். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: தண்ணீர் இருக்கிறது! படகுக்கு வெளியே இருக்கும் தண்ணீர் அல்ல, உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் சிக்கிக்கொண்ட தண்ணீர்.

கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதற்கு உள்ளே என்று ஓர் இடமே இல்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப் போட்டுவிடுவார்கள். உணவு வேளாண் நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979-இல் தொடங்கி, அலையைத் தாண்டிக் கரையேறக்கூடிய படகுகளை நம் கிழக்குக் கரையில் சோதித்துப் பார்த்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் நம் கரையெங்கும் பெருகின. வேகம் கிடைத்தது, கூடவே மூடிய அறைகளும் வந்தன.

ஃபைபர் படகின் முன்பக்கம், பின்பக்கம், சில படகுகளில் தளத்துக்குக் கீழே என்று மூடிய அறைகள் இருக்கும். அவற்றில் தெர்மகோலோ நுரையோ நிரப்பியிருப்பார்கள். அலை அடித்துப் படகு முழுக்கத் தண்ணீர் ஏறினாலும் மூழ்காமல் தாங்குவது இந்த அறைகள்தான். 100 லிட்டர் காலி இடம் ஏறக்குறைய 100 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும். அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் தூக்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை. ஆபத்து வரும் நாளில்தான் அது தெரியவரும்.

மூடிய அறைக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது? திருகாணி ஓட்டை, தளமும் ஓடும் சேரும் ஒட்டு, மயிரிழை விரிசல் என்று வழிகள் உண்டு. ஆனால் தண்ணீரை உள்ளே இழுப்பது எது என்றால், நாம் முதலாண்டில் படித்த வாயு விதிதான். மத்தியான வெயிலில் மணலில் கிடக்கும் படகின் அறைக்குள் காற்று 60 டிகிரி வரை சூடாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரிந்த காற்று ஊசித் துளை வழியே வெளியேறிவிடும். அப்படியே படகைக் கடலில் இறக்கினால் உள்ளே 28 டிகிரிக்குக் குளிர்கிறது. கெல்வினில் 333-லிருந்து 301. அழுத்தம் சுமார் 10 சதவீதம் குறையும், அதாவது கிட்டத்தட்ட 1 மீட்டர் நீருயரம். இப்போது அந்தத் துளை தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. உறிஞ்சாமல் என்ன செய்யும்? தினமும் ஒரு டம்ளர் போதும், ஒரு வருடத்தில் கணக்குப் பாருங்கள்.

அடுத்து எடை. தளத்துக்குக் கீழே 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலத்தில் ஒரு காலி அறை. அதில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 150 லிட்டர், 150 கிலோவுக்கு மேல். எடையை விட மோசமானது அதன் ஓட்டம். படகு லேசாகச் சாய்ந்ததும் தண்ணீரும் அந்தப் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். இதனால் நிலைத்தன்மையில் வரும் இழப்பு, அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. மொத்தம் 1.5 டன் உள்ள படகில் இந்த ஓர் அறையே மெட்டாசென்டர் உயரத்தில் சுமார் 38 சென்டிமீட்டரைத் தின்றுவிடும். அதே அறைக்கு நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்பு வைத்தால் இழப்பு கால் பங்காகிவிடும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்தச் சூத்திரத்தின் மேல்தான் நாலு பேர் உட்கார்ந்து கடலுக்குப் போகிறார்கள்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? முதல் கருவி காது. சின்ன மரச் சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், ஊறிய இடமும் பிரிந்த இடமும் மொத்தென்று கேட்கும். சாக்பீஸால் வட்டம் போடுங்கள். இரண்டாவது கருவி கை. வெயில் தாழ்ந்த பிறகு ஓட்டைத் தடவினால் தண்ணீர் நிற்கும் இடம் நெடுநேரம் வெதுவெதுப்பாக இருக்கும், ஏனென்றால் தண்ணீர் மெதுவாகத்தான் சூட்டை விடும். வெப்பப் படக் கேமராவும் இதைத்தான் காட்டுகிறது. மூன்றாவது தராசு. அதே அச்சில் வார்த்த இன்னொரு படகோடு எடை போட்டுப் பார்த்தால் வேறு சாட்சி வேண்டாம்.

கசியும் இடத்தைப் பிடிக்க அறைக்குள் காற்றடித்து வெளியே சோப்பு நீர் தடவுவோம். இங்கே மாணவத் தம்பிகளுக்கு ஓர் எச்சரிக்கை. கம்ப்ரெஸரை வைக்கவே கூடாது. வெறும் 10 சென்டிமீட்டர் நீருயர அழுத்தம் சதுர மீட்டருக்கு 100 கிலோ விசை. கம்ப்ரெஸர் ஒரு நொடியில் தளத்தைப் பிளந்துவிடும். சைக்கிள் பம்பும், கண்ணாடி போன்ற ஒரு ஹோஸை வளைத்துத் தண்ணீர் ஊற்றிச் செய்த அழுத்தமானியும் போதும்.

வடிப்பதற்குப் படகைச் சாய்த்து, மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு துளை, மேலே காற்றுக்கு ஒரு துளை. மேல் துளை இல்லாவிட்டால் தண்ணீர் மடக்கு மடக்கென்று நின்று நின்றுதான் வரும். பேட்டரி டிரில்லையே பயன்படுத்துங்கள். தண்ணீரும் மின்வயரும் சேரக்கூடாது. வருவது உப்பா, நல்ல தண்ணீரா என்று பாருங்கள். உப்பென்றால் ஓட்டில் கசிவு, நல்ல தண்ணீர் என்றால் மழை நீர் மேலிருந்து இறங்கியிருக்கிறது.

வடித்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. நான் பார்த்த ஒரு படகைச் சொல்கிறேன். அதன் சொந்தக்காரர் ஐம்பது வயதைத் தாண்டிய மீனவர். "தம்பி, ஒரு வருசமா போட் கனத்துப் போச்சு. முன்ன நாலு பேரு தள்ளுனா ஏறும், இப்ப ஆறு பேரு வேணும். மண்ணெண்ணெயும் கூடக் குடிக்குது" என்றார். அதற்கு முன் வேறோர் இடத்தில் விரிசல் மேல் பட்டி பூசி, தண்ணீரை உள்ளேயே வைத்து மூடி அனுப்பியிருந்தார்கள். நாங்கள் துளைத்ததும் 70 லிட்டருக்கு மேல் வடிந்தது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நாளைக்கே அடைச்சிக் குடுங்க, கடன் கட்டணும்" என்றார்.

தெர்மகோல் ஊறியிருந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி, அதே அளவு புதுத் துண்டோடு வாளித் தண்ணீரில் போட்டேன். புதுசு மேலே துள்ளி மிதந்தது. பழசு முக்கால்வாசி அமிழ்ந்து கிடந்தது. "ஐயா, கவிழ்ந்தா உங்களைத் தாங்கப் போறது இதுதான்" என்றேன். அவர் வெகுநேரம் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் பையன் ரெண்டு பேரும் அதுலதான் போறானுவ" என்றார். பிறகு, "எத்தினி நாளு ஆகும்?" "ரெண்டு வாரம்." அந்த இரண்டு வாரமும் தம்பியின் படகில் பங்குக்குப் போனார். ஊறியதை எல்லாம் தோண்டி எடுத்து, அறையை நல்ல தண்ணீரால் கழுவினோம். உப்பு மிச்சமிருந்தால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மின்விசிறி வைத்துக் காயவைத்து, தினமும் ஈரமானியில் அளந்து, அளவு இறங்கி நின்ற பிறகே மூடினோம். விரிசலைச் சுற்றித் தடிமனைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, புதிதாக மேட்டும் ரெசினும் போட்டோம். தாழ்ந்த இடத்தில் ஒரு பித்தளைத் திருகுமூடி வைத்தோம். கரையில் நிற்கும்போது அதைத் திறந்துவிட்டு, கடலில் இறக்குமுன் திருக வேண்டும். காற்றும் போய்வரும், தண்ணீர் இருந்தால் அன்றே தெரியும்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வடிவமைப்பு வரையும்போது எந்த அறையையும் நிரந்தரமாக மூடாதீர்கள். கைவிட்டுப் பார்க்க ஒரு வாசலும், வடிய ஒரு வழியும் வையுங்கள். தண்ணீர் போகாது என்று நம்பிச் செய்வதை விட, போனால் எப்படி வெளியேறும் என்று யோசித்துச் செய்வதே பொறியியல். ஒர்க்‌ஷாப் வகுப்பை மட்டம் போடாதீர்கள். தட்டிப் பார்க்கும் காது அங்கேதான் பழகும்.