எண் தெரியும் முன்



தலைமை உரையைத் துறையின் வரலாற்றில் தொடங்குவது வழக்கம். சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1943இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் டயாலிசிஸ் கருவியை உருவாக்கினார். 1960இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர், கையின் தமனிக்கும் சிரைக்கும் இடையே டெஃப்லான் குழாயைப் பொருத்தி, ஒருவருக்கே ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸ் செய்ய வழி செய்தார். அந்த ஆண்டுகளை நோயாளி எந்த மனதோடு கழிக்கிறார் என்பதுதான் இன்று நம் பொருள்.

காலை ஷிப்டைப் பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு எடைக் கருவியில் ஏறுகிறவர், எண் தெரியும் முன் நம் முகத்தைத்தான் பார்க்கிறார். “என்னய்யா, நாலு கிலோ ஏத்திட்டு வந்திருக்கீங்க?” என்கிறோம். தலை குனிகிறார். நாமோ இதை நோயாளிக் கல்வி என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறோம்!

நேர்காணல் வழி ஆராய்ந்தால் டயாலிசிஸ் நோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறது. நம் கண்ணில் படுவதில்லை. அசதி, பசியின்மை, தூக்கமின்மை மூன்றும் யூரியா ஏறினாலும் வரும், மனம் சோர்ந்தாலும் வரும். “எதிலாவது மனசு ஒட்டுதா?” என்று கேட்டால்தான் வேறுபாடு தெரியும். மனச்சோர்வைக் கண்டறியும் வினாப்படிவத்தில் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விக்கு ஒருவர் ‘ஆம்’ என்றால், அன்றைக்கே, அவர் வீட்டுக்குக் கிளம்பும் முன் அவரோடு பேசியாக வேண்டும்.

மனச்சோர்வுக்கு நம் கற்பித்தலே மருந்தாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், டயாலிசிஸ் நாற்காலி அருகிலேயே அளித்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைவிட செர்ட்ரலின் மாத்திரை பன்னிரண்டு வாரத்தில் சற்றுக் கூடுதலாகப் பலன் தந்தது. பக்கவிளைவும் அதில்தான் அதிகம். மனநல மருத்துவர் தேவைப்படுவோருக்கு அவர் தேவைதான். என் குறையெல்லாம் நம் கற்பித்தலே சிலரைச் சோர்வில் தள்ளுகிறதே என்பது. இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, அப்பளம் கூடாது. சாப்பாட்டுத் தட்டில் மிச்சம் என்ன?

“தண்ணீரைக் குறையுங்கள்” என்பதற்கு முன் உப்பைப் பற்றிப் பேசுவோம். உப்பு குறைந்தால் தாகம் தானே தணியும். காய்களைப் பொடியாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் பொட்டாசியம் குறையும். இதை நோயாளியோடு, வீட்டில் சமைப்பவருக்கும் சொல்ல வேண்டும். அதுவும் டயாலிசிஸின் முதல் ஒரு மணி நேரத்தில், ஒரு நாளைக்கு ஒரு செய்தி மட்டும். நான்காம் மணியில் இரத்த அழுத்தம் இறங்கிக் கிடப்பவர் காதில் எதுவும் ஏறாது.

எங்கள் யூனிட்டில் பேசவே பேசாத ஒரு அம்மா இருந்தார். டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைத்த ஃபிஸ்டுலாவின் மேல் இரண்டு விரல் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்க நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். அடுத்த முறை வந்ததும் கையை நீட்டி, “வண்டு மாதிரி ஓடுது, காலையிலயே பார்த்துட்டேன்” என்றார். அதுவரை அவர் உடம்பைப் பற்றி நாங்கள்தான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

முற்பகல் அமர்வில் பேசும் மூவரும் டயாலிசிஸ் நர்ஸ்கள். டாக்டர்கள் முன்வரிசைக்கு வந்து உட்காருங்கள். மாநாட்டைத் தொடங்கலாம்.