கட்சி வேறாகலாம், ஸலாம் முறியலாகாது

(ஜும்ஆ உரை)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் துவங்குகிறேன். புகழனைத்தும் அவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய இஸ்லாமியப் பெருமக்களே!

தேர்தல் வருகிறது; முடிகிறது. வென்றவர் சட்டமன்றத்திற்கோ நாடாளுமன்றத்திற்கோ சென்றுவிடுகிறார். தோற்றவர் அடுத்த தேர்தலுக்கு ஆயத்தமாகிறார். மேடையில் ஒருவரையொருவர் ஏசிய தலைவர்கள் மறு தேர்தலில் ஒரே கூட்டணியில் கைகோத்து நிற்பதையும் நாம் காண்கிறோம். ஆனால் அவர்களுக்காக வாதிட்ட நம் முஹல்லாவாசிகள் இருவர், பல்லாண்டுகள் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுதவர்கள், இன்று பள்ளியின் இருவேறு வாசல்களால் வெளியேறுகின்றனர். ஒருவர் வீட்டு வலீமாவிற்கு மற்றவர் செல்வதில்லை. இரு வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் காரணம் அறியாமலே பேச்சை நிறுத்திக்கொள்கின்றனர். கைப்பேசியில் வந்த ஒரு செய்தியும், அதற்கு எழுதப்பட்ட ஒரு சுடுசொல்லும் ஓர் ஆயுட்கால நட்பை முறித்துவிடுகின்றன.

அரசியல் கருத்தே கொள்ளாதீர்கள் என்று மார்க்கம் நமக்குக் கூறவில்லை. நாட்டு நடப்பில் அக்கறை கொள்வது குடிமக்களின் கடமை. எனினும் கருத்து வேறுபாடு நட்பைச் சிதைக்கத் தொடங்கும்போது எங்கே வரம்பு கட்டுவது, எப்படிக் கட்டுவது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும். இதற்கு நபித்தோழர்களின் வாழ்விலேயே நமக்குச் சான்று உண்டு.

அன்பிற்குரியவர்களே!

உஸ்மான் (ரலி) அவர்கள் ஷஹீதாக்கப்பட்ட பின் முஸ்லிம் சமுதாயம் பெருங்குழப்பத்தில் ஆழ்ந்தது. அலீ (ரலி) அவர்கள் கலீஃபாவானார்கள். போர்கள் மூண்டன. அப்போது உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்கள் அலீ (ரலி) அவர்களுடன் போர்க்களம் செல்லவில்லை. முன்னொரு போரில் கலிமா மொழிந்த ஒருவரைக் கொன்றுவிட்டு, அதற்காக நபி (ஸல்) அவர்களின் கடுமையான கண்டனத்திற்கு ஆளானவர் அவர். அன்று முதல் முஸ்லிம்களுக்கு எதிராக வாளேந்துவதில்லை என்று அவர் உறுதி பூண்டதாக விளக்கவுரையாளர்கள் குறிப்பிடுகின்றனர்.

பின்னர் அவர் மதீனாவிலிருந்து தம் ஊழியர் ஹர்மலாவை அலீ (ரலி) அவர்களிடம் அனுப்பினார். தாம் வராத காரணத்தை அலீ (ரலி) கேட்பார்கள் என்பதை அறிந்து, பதிலையும் சொல்லியனுப்பினார். நீங்கள் ஒரு சிங்கத்தின் வாயில் அகப்பட்டிருந்தாலும் அங்கும் உங்களுடன் இருப்பதையே நான் விரும்புவேன். ஆனால் இந்தப் போர் விவகாரத்தில் என் கருத்து வேறு என்பதே அச்செய்தியின் சாரம். ஸஹீஹுல் புகாரீயில் இது பதிவாகியுள்ளது.

சிந்தித்துப் பாருங்கள்! அன்பை மறைக்கவில்லை. வரம்பையும் மறைக்கவில்லை. அலீ (ரலி) அவர்களைப் பற்றி ஊரெங்கும் குறை பேசித் திரியவும் இல்லை. சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டியவருக்கே சொல்லியனுப்பினார். அன்று ஹர்மலாவுக்கு அலீ (ரலி) அவர்களிடமிருந்து ஏதும் கிடைக்கவில்லை. ஆயினும் அவர்களின் புதல்வர்கள் ஹஸன், ஹுஸைன் (ரலி) ஆகியோரும், சகோதரர் மகன் அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) அவர்களும் அவருடைய வாகனம் நிறையப் பொருட்களை ஏற்றி அனுப்பினார்கள். பெரியவர்களிடையே கருத்து வேறுபட்டது. அடுத்த தலைமுறையின் உறவு முறியவில்லை.

ஹிஜ்ரி 36இல் (கி.பி. 656) பஸராவுக்கு அருகே ஜமல் போர் நிகழ்ந்தது. எதிரணியில் நின்ற தல்ஹா (ரலி) அவர்கள் கொல்லப்பட்டுக் கிடந்தபோது, அவர்களின் முகத்திலிருந்த புழுதியைத் துடைத்து அலீ (ரலி) அவர்கள் கண்ணீர் வடித்ததாக வரலாற்று நூல்கள் அறிவிக்கின்றன. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களையும் உரிய கண்ணியத்துடன் மதீனாவிற்கு அனுப்பிவைத்தார்கள். வாளேந்தி எதிரெதிரே நின்றவர்களிடம் இருந்த கண்ணியம், வாக்குச்சீட்டில் மட்டும் வேறுபட்ட நம்மிடம் இருக்க வேண்டாமா?

நம் நாட்டிலும் சான்று உண்டு. விடுதலைக்கு முந்தைய ஆண்டுகளில் மவ்லானா ஹுஸைன் அஹ்மத் மதனீ (ரஹ்) அவர்கள் காங்கிரஸுடன் இணைந்து நிற்பதே சரி எனக் கருதினார்கள். மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் லீக்கின் பக்கம் சாய்ந்தார்கள். அக்கருத்து வேறுபாடு மிக ஆழமானது. ஆனாலும் அவ்விருவரும் பரஸ்பர மரியாதையைக் கைவிடவில்லை. அவர்களைப் பின்பற்றிய பொதுமக்களிடையேதான் கொந்தளிப்பு மிகுந்தது. இது குறித்து எழுந்த வினாக்களுக்கு விடையாகவே ஷைகுல் ஹதீஸ் ஸகரிய்யா (ரஹ்) அவர்கள் 'அல்இஃதிதால்' எனும் நூலை எழுதினார்கள்.

அருமைச் சகோதரர்களே!

நாம் கடைப்பிடிக்க வேண்டிய வரம்புகள் எவை?

முதலாவது, பேச்சுக்கு வரம்பு. எந்த விஷயத்தைத் தொட்டால் வார்த்தை தடிக்கிறதோ, அதை விலக்கிவிடுங்கள். மௌனமாக முகம் திருப்பிக்கொள்ளாமல், "பாய், உங்கள் மீது எனக்குள்ள அன்பு குறையவில்லை, ஆனால் இந்த ஒரு விஷயத்தை நாம் இனிப் பேச வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தம் பக்கம் நியாயம் இருந்தும் தர்க்கத்தைக் கைவிடுபவருக்குச் சுவனத்தின் ஓரத்தில் ஓர் இல்லம் கிடைக்க நபி (ஸல்) அவர்கள் பொறுப்பேற்றுள்ளார்கள் (அபூதாவூத்).

இரண்டாவது, நாவுக்கு வரம்பு. அல்ஹுஜுராத் அத்தியாயம் பரிகாசத்தையும், பட்டப்பெயரையும், தீய எண்ணத்தையும், துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் தடுக்கிறது. வரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறும் அதே அத்தியாயம் கட்டளையிடுகிறது. விசாரிக்காத செய்தியை நண்பருக்கு அனுப்பி அவரைச் சீண்டுவது இக்கட்டளைக்கு மாறானதாகும்.

மூன்றாவது, விலகலுக்கு வரம்பு. ஒரு முஸ்லிம் தம் சகோதரரை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது கூடாது. இருவரில் ஸலாமை முதலில் தொடங்குபவரே சிறந்தவர் என்பது நபிமொழியின் கருத்து (புகாரீ, முஸ்லிம்). கோபம் தணிய மூன்று நாள் அவகாசம் தந்த மார்க்கம், அதை ஆயுட்காலப் பகையாக வளர்க்க அனுமதிக்கவில்லை.

நண்பர் நம்மை இழிவுபடுத்துவதை விடவில்லை, அவதூறு பரப்பத் துணைக்கு அழைக்கிறார் என்றால் என்ன செய்வது? பழகுவதால் தம் மார்க்கத்திற்கோ உலக வாழ்விற்கோ தீங்கு நேரும் என்று அஞ்சுபவர் தள்ளியிருக்கலாம் என்பதை அறிஞர் இப்னு அப்துல் பர் (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். எனவே வீட்டுக்குச் செல்வதைக் குறைக்கலாம். கூட்டுத் தொழிலிலிருந்து கணக்கை நேர்மையாகத் தீர்த்துக்கொண்டு விலகலாம். அநீதிக்குத் துணைபோக மறுப்பது நட்புத் துரோகமன்று.

ஆனால், ஸலாமுக்குப் பதில் கூறுவது, நோயுற்றால் நலம் விசாரிப்பது, அழைப்பை ஏற்பது, ஜனாஸாவைப் பின்தொடர்வது ஆகியன ஒரு முஸ்லிமுக்கு மற்றவர் செலுத்த வேண்டிய உரிமைகள். எந்தக் கட்சிக் கொடியும் இவற்றை ரத்துச் செய்ய இயலாது. பிற சமயத்து நண்பர்களிடமும் இதே அளவுகோல்தான். நம்முடன் போர் புரியாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதி செலுத்துவதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்பதை அல்மும்தஹினா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் தெளிவுறுத்துகிறது.

பெற்றோர்களே! உங்கள் மனத்தாங்கலைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச் செல்லாதீர்கள். நண்பரைப் பற்றி அவர்கள் முன்னிலையில் இழித்துரைக்காதீர்கள்.

நாம் ஆதரித்த கட்சியின் தலைவர் நம் ஜனாஸாவைச் சுமக்க வரப்போவதில்லை. நாம் பேச மறுத்த அந்த அண்டைவீட்டாரே ஒருவேளை நம் சந்தூக்கிற்குத் தோள் கொடுக்கக்கூடும். ஆகவே இன்று தொழுகை முடிந்ததும், பிணங்கியிருப்பவர் எந்த வாசலால் வெளியேறுகிறாரோ அந்த வாசலுக்கே சென்று ஸலாம் கூறுங்கள். அரசியல் பேச வேண்டியதில்லை. ஸலாம் மட்டும் போதும்.

வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களிலுள்ள குரோதத்தை அகற்றி, நாவைப் பேணி, உறவுகளைக் காக்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.