நொறுங்கிய வண்டியும் ஓட்டக் களமும்

மட்டக்களப்பு வாவிக்கரையிலே பழைய தோணி ஒன்றை விலைக்கு வாங்க வருபவன் முதலில் அதன் வர்ணத்தைப் பார்ப்பதில்லை. தோணியைக் கரையிலே கவிழ்க்கச் செய்கிறான். அடிப்பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறான். பலகைகள் பொருந்தும் இடங்களிலே கத்தி நுனியை மெல்லச் செலுத்துகிறான். பின்னர் அணியத்தருகே குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு நுனிவரை நேர் பார்க்கிறான். வர்ணத்தை எவரும் ஒரு நாளில் பூசிவிடலாம். கோணிய தோணியை ஒருவராலும் நேரே செலுத்த இயலாது என்பது அவன் பரம்பரையாக அறிந்த உண்மை.

தோணி வாங்கும்போது காட்டுகின்ற இந்த விவேகத்தை, மோட்டார் வண்டி வாங்கும்போது மனிதர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். அதிலும், விபத்தில் நொறுங்கிய விளையாட்டு மோட்டார் வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கி, திருத்தியமைத்து, பந்தயக் களத்தில் ஓட்டவேண்டும் என்ற ஆசை உள்ளத்தில் குடிகொண்டுவிட்டால், கண் வர்ணத்தை மட்டுமே காணும். அந்த ஆசை தகாதது என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. ஆனால் அது எத்தகைய அறிவையும் பொறுமையையும் வேண்டி நிற்கிறது என்பதை ஆராய்ந்து பார்த்தல் நலம்.

இலங்கையில் மோட்டார் வண்டியின் விலை எப்பொழுதும் வரியோடு சேர்ந்தே வளர்ந்து வந்திருக்கிறது. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 ஆம் ஆண்டிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளும் பொன்னின் விலை பெற்றன. இத்தகைய நாட்டிலே, படுவான்கரைக் கிராமம் ஒன்றில் நெல் விற்ற பணத்தையும், தாயின் நகையை அடகு வைத்த பணத்தையும் சேர்த்துக்கொண்டு ஓர் இளைஞன் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். காப்புறுதி நிறுவனம் கைவிட்ட விளையாட்டு வண்டி ஒன்று கேள்வி விலைக்கு வருகிறது என்று அவன் கேள்வியுறுகிறான். முன்புறம் நசுங்கியிருக்கிறது, எஞ்சின் ஓடுகிறது, விலையோ நல்ல வண்டியின் விலையில் ஒரு சிறு பங்கு. அவன் உள்ளம் துள்ளுவதில் வியப்பென்ன?

பழுதான வண்டியிலிருந்து பந்தய வீரர் எழுந்த வரலாறு உண்டு என்பதையும் அவன் எடுத்துக்காட்டலாம். இங்கிலாந்தில் கொலின் சப்மன் என்பவர் 1948 ஆம் ஆண்டிலே பழைய ஒஸ்ரின் ஸெவன் வண்டியொன்றை எடுத்து, சிறிய கொட்டகை ஒன்றில் தம் கையாலேயே மாற்றிக் கட்டினார். புகழ் பெற்ற லோட்டஸ் வண்டிகளின் தொடக்கம் அதுவே. நியூசிலாந்தின் ஓக்லண்ட் நகரிலே, மோட்டார் திருத்தகம் நடத்திய ஒருவர் கழற்றிப் பாகம் பாகமாகக் கிடந்த ஒஸ்ரின் ஸெவன் ஒன்றை வாங்கி வந்தார். தந்தையும் மகனுமாக அதைப் பூட்டி முடித்தனர். மகன் தன் பதினைந்தாவது வயதிலே, 1952 இல், அவ்வண்டியுடன் மலையேற்றப் போட்டியில் இறங்கினான். அவன்தான் புரூஸ் மக்லாரன்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய கைவண்ணத்துக்குக் குறைவில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்திலே பல்லாண்டுகள் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. 1953 இல் தோன்றிய மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம் அவற்றை நடத்தியது. வீதியில் ஓடிய பியற், ஹெரால்ட் முதலிய வண்டிகளையே திருத்தியும் பாரங் குறைத்தும் வீரர்கள் அங்கே ஓட்டினர். பின்னர் 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான களம் ஒன்று எழுந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவர்த்தன், மாருதி 800 வண்டியின் சிறிய எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைக் கட்டுவித்து, ஏராளமான இளைஞருக்குக் குறைந்த செலவில் பயிற்சிக்கு வழி செய்தார். 1995 இல் அவர் மறைந்த பின், அந்நகருக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003 ஆம் ஆண்டு அமைந்த களம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதே நகரத்து மைந்தரான நரேன் கார்த்திகேயன், 2005 இல் ஃபோர்முலா வண் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார்.

இவ்வரலாற்றிலே ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. சப்மனும் மக்லாரனும் எடுத்தவை பழைய வண்டிகள், அல்லது கழற்றிய வண்டிகள். அவை மோதி நொறுங்கியவை அல்ல. தேய்ந்த பொருளுக்கும் முறிந்த பொருளுக்கும் பெரிய வேற்றுமை இருக்கிறது. தேய்ந்த பாகத்தை மாற்றிவிட்டால் வண்டி பழைய நிலைக்கு வரும். மோதிய வண்டியிலோ அடி எங்கே விழுந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். அந்த அடி எதுவரை ஓடிச் சென்றது என்பது தெரியாது.

பழைய லொறிகளில் இருப்பதுபோல் தனியான இரும்புச் சட்டம் இக்காலத்துச் சிறு வண்டிகளில் இல்லை. தகடுகளை மடித்துப் பொருத்திய உடலே சட்டமாகவும் நிற்கிறது. முன்புறத்தையும் பின்புறத்தையும் மோதலின்போது மடிந்து நசுங்கும் வண்ணமே அமைத்திருக்கின்றனர். அவை நசுங்குவதால்தான் உள்ளிருப்பவன் பிழைக்கிறான். ஒருமுறை மடிந்த கம்பியை நிமிர்த்தி மீண்டும் மடித்தால் அது முறிவதைச் சிறுவரும் அறிவர். நசுங்கிய தகட்டைச் சுத்தியலால் அடித்து நேராக்கி, மேலே பூச்சுப் பூசி மினுக்கிவிடலாம். அடுத்த மோதலில் அது முன்போல் மடிந்து காக்கும் என்பதற்கு உறுதியில்லை. உரம் ஏற்றிய உருக்குத் தகடுகளைத் தீயால் சுட்டு நிமிர்த்தினால் அவற்றின் உரம் குன்றும். கத்தியைக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் அதன் கடினம் போய்விடும் என்பதை எந்தக் கொல்லன் பட்டறையிலும் கேட்டறியலாம். எனவே அத்தகைய பாகத்தை வெட்டியகற்றி, உற்பத்தியாளர் குறித்த இடத்திலே புதிய பாகத்தைப் பொருத்துவதே முறை.

ஆகவே வாங்குபவன் கையில் முதலில் இருக்கவேண்டியது அளவு நாடா. வீட்டுக்கு அத்திவாரம் இடும் மேசன் மூலைக்கு மூலை குறுக்கே அளந்து, இரண்டு அளவும் ஒத்தால்தான் கட்டடம் சதுரம் என்று ஏற்கிறான். வண்டியின் அடியிலும் அவ்வாறே இடப்புறத்து முன்புள்ளியிலிருந்து வலப்புறத்துப் பின்புள்ளிக்கும், வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கும் குறுக்கே அளக்கவேண்டும். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் உள்ள தூரம் இருபுறமும் ஒத்திருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். உற்பத்தியாளரின் திருத்தக் கைந்நூலில் இவ்வளவுகள் குறிக்கப்பட்டிருக்கும். அளவு ஒவ்வாதாயின், வண்டியைச் சட்டமேடையிலே கட்டி இழுத்து நேராக்கும் வசதியுள்ள பெரிய திருத்தகத்தைத் தேடவேண்டும். கதவு பொருந்தும் இடைவெளி ஓரிடத்தில் ஒடுங்கி ஓரிடத்தில் அகன்றிருந்தால், கூரையின் விளிம்பிலே வர்ணம் சுருங்கியிருந்தால், அடி உள்ளே வெகுதூரம் சென்றிருக்கிறது என்று கொள்ளலாம்.

எந்த வண்டி என்பதும் முக்கியம். 1989 இல் வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 போன்ற வண்டி உருக்குத் தகட்டால் ஆனது. பாகங்களும் உலகெங்கும் மிகுதி. 1996 இல் வந்த லோட்டஸ் எலீஸ் வண்டியின் உடற்சட்டமோ அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டி ஆக்கியது. அது கோணினால் சட்டத்தையே மாற்றவேண்டும். ஒரே அளவான அடி, ஒரு வண்டியில் சிறு செலவாகவும் மற்றொன்றில் வண்டியின் விலையாகவும் முடிகிறது.

வாவியோரத்து மக்களுக்கு உப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கடலும் வாவியும் இருபுறமும் தழுவி நிற்கும் எழுவான்கரையிலே கதவுப் பிணைச்சலும் துருவேறும். நொறுங்கிய வண்டி வர்ணமிழந்து திறந்த வெளியில் நின்றால் அந்த இடத்திலேயே துரு தொடங்கிவிடும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியானால் ஆபத்து இரட்டிப்பு. இருக்கையின் அடியிலும் விரிப்பின் கீழும் சேறு படிந்த கோடு இருக்கின்றதா என்று விரலால் தடவிப் பார்க்கவேண்டும். உப்பு நீர் புகுந்த மின்கம்பிகள் இன்று ஓடி நாளை நிற்கும். வீதியில் நின்றால் தொல்லை. களத்தில் ஓட்டத்தின் நடுவே நின்றால் பின்னால் வருபவனுக்கும் தீங்கு.

வண்டியின் உடல் நேர் என்று கண்ட பின்னும் உயிர் காக்கும் பொருள்கள் எஞ்சி நிற்கின்றன. மோதலின்போது மனிதனின் பாரத்தைத் தாங்கிய இருக்கைப் பட்டி ஒருமுறை நீண்டுவிட்டது, அதை மாற்றவேண்டும். விரிந்து வெடித்த காற்றுப்பைகளைத் தைத்து மூடுதல் ஏமாற்று வேலை. களத்திற்கென ஆயத்தமாகும் வண்டிக்குள்ளே தையலற்ற உருக்குக் குழாய்களால் கூண்டு கட்டி, உடலோடு உருக்கி ஒட்டவேண்டும். தோளையும் இடுப்பையும் பிணிக்கும் பட்டி, தலைக்கவசம், தீயணைப்புக் கருவி ஆகியவை அலங்காரம் அல்ல. கோணிய உடலில் கட்டிய கூண்டும் கோணியதே ஆகையால், அளந்து நேராக்கிய பின்னரே கூண்டு கட்டுதல் வேண்டும்.

வேகம் இரட்டிப்பானால் மோதலின் வலிமை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 60 கிலோமீற்றர் செல்லும் வண்டியை நிறுத்தத் தடுப்பு விழுங்கவேண்டிய ஆற்றலைவிட, 120 இல் செல்லும் வண்டிக்கு நான்கு பங்கு வேண்டும். அந்த ஆற்றல் முழுவதும் சூடாக மாறுகிறது. தடுப்புக்குழாயில் உள்ள திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 என்னும் வகை புதிதாயின் 230 பாகை செல்சியசுக்குக் குறையாமல் கொதிப்பது. ஈரம் ஏறிய பின் 155 பாகை வரை தாழ்ந்துவிடலாம். கொதித்தால் மிதிகட்டை வெறுமையாய் உள்ளே செல்லும், வண்டி நிற்காது. வாவிக்காற்றின் ஈரத்திலே மாதக்கணக்கில் திறந்து கிடந்த வண்டியின் திரவத்தை அப்படியே நம்பிக் களமிறங்குதல் உயிரோடு சூதாடுவதாகும்.

பத்திரங்களையும் இவ்வாறே சோதிக்கவேண்டும். சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கவேண்டும். குத்தகை நிறுவனத்தின் உரிமை தீர்ந்திருக்கவேண்டும். கேள்வி விலை செலவின் தொடக்கமே; பாகம், கூலி, ரயர், ஏற்றிச் செல்லும் லொறி யாவும் பின்னால் வரிசையாக நிற்கின்றன. இலங்கையின் பழைய பந்தயக் களங்களான நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலைப்பாதையும், களுத்துறைக்கு அருகேயுள்ள கட்டுக்குருந்த ஓடுதளமும் மட்டக்களப்பிலிருந்து நெடுந்தூரத்தில் உள்ளன. திருத்திய வண்டியை 2013 இல் திறந்த கல்லடிப் புதிய பாலத்திலும் கடற்கரை வீதியிலும் சோதித்துப் பார்க்க எண்ணுபவன், தன் ஆசைக்குப் பிறர் பிள்ளைகளைப் பணயம் வைக்கிறான்.

களத்திலும் ஆபத்து ஓட்டுநனோடு நிற்பதில்லை. 1955 ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் களத்தில் ஒரு வண்டி கூட்டத்தினிடையே சிதறி எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளர் மாண்டனர். 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆந் திகதி, தியத்தலாவைப் பொக்ஸ் ஹில் பந்தயத்தில் வண்டியொன்று பாதை விலகிப் பாய்ந்து ஏழு பேர் உயிரிழந்தனர். அவருள் ஒரு குழந்தையும் உண்டு. பழைய வண்டியைப் பூட்டி எழுந்த மக்லாரனும் 1970 இல், குட்வுட் களத்தில் சோதனை ஓட்டத்தின்போது, வண்டியின் பின்மூடி கழன்றதால் மாண்டார். அத்துணை அனுபவம் படைத்தவரையும் கழன்ற ஒரு பாகம் விட்டுவைக்கவில்லை.

ஆகவே அந்தப் படுவான்கரை இளைஞன் தன் ஆசையைக் கைவிடவேண்டும் என்பதில்லை. நகைப் பணத்தைக் கொடுக்குமுன், தொழில் தெரிந்த மூத்த திருத்துநர் ஒருவரையும் அளவு நாடாவையும் அழைத்துச் செல்லட்டும். குறுக்களவு ஒவ்வாத வண்டியாயின், எத்துணை மலிவானாலும் கும்பிட்டுவிட்டுத் திரும்பட்டும். அடி வெளியோடு நின்ற வண்டியாயின், வாங்கிய விலைக்கு மேல் திருத்தச் செலவைக் கணக்கிட்டு, கணக்குத் தாங்கினால் வாங்கட்டும். கணக்குத் தாங்காவிடில், ஓடுகின்ற எளிய பழைய வண்டி ஒன்றை எடுத்துத் தடுப்பையும் பட்டியையும் செம்மை செய்து ஓட்டப் பழகட்டும். சோழவரத்து வீரர்கள் தொடங்கியது அவ்வழியே. தாயின் நகையும் மீளும், மகனும் மாலையில் வீடு திரும்புவான்.