விறகுக் கட்டுக்குள் இருந்த பாம்பு



மழை தொடங்கிவிட்டால் நம் செஞ்சிப் பகுதியில் பாம்பைப் பற்றிப் பேசாத தெரு இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி மலைகளின் பாறை இடுக்குகளும், நெல்லும் மணிலாவும் விளையும் வயல்களும் அவை வாழும் இடங்கள். வளையில் நீர் புகுந்தால் மேட்டைத் தேடி வரும். எலியைத் தேடி வீட்டுக்குள்ளும் வரும். உடனே நாம் தடியை எடுக்கிறோம்.

திருத்தூதர் பணிகள் நூல் 28-ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். கப்பல் உடைந்து மால்தா தீவில் கரையேறிய புனித பவுல், குளிர்காயும் தீயில் சுள்ளிகளைப் போடுகிறார். சூடு பட்டு வெளியே வந்த விரியன் அவர் கையைப் பற்றிக்கொள்கிறது. பார்த்தவர்கள் அவரைக் கொலைகாரர் என்றார்கள். அவருக்கு ஒன்றும் நேராததைக் கண்டதும் தெய்வம் என்றார்கள். இரண்டு தீர்ப்புமே தவறு. அச்சம் மனிதரை அவசரமாகத் தீர்ப்பிட வைக்கிறது. நாமும் மூன்று இடங்களில் அப்படித் தீர்ப்பிடுகிறோம்.

முதலாவது, பாம்பின்மீது. அன்னை மரியாவின் காலடியில் மிதிபடும் பாம்பைச் சுரூபங்களில் பார்த்துப் பழகிய நமக்கு, வாசலில் ஊரும் சாரையும் சாத்தானாகத் தெரிகிறது. அந்தச் சுரூபம் காட்டுவது பாவத்தின் தோல்வியை. பேழையிலிருந்து இறங்கிய எல்லா உயிர்களோடும் கடவுள் உடன்படிக்கை செய்தார் என்கிறது தொடக்கநூல். சாரைக்கு நஞ்சில்லை, அது நம் நெல்லைத் தின்னும் எலியைத் தின்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே நம் நாட்டில் பெரும்பாலான பாம்புக்கடி மரணங்களுக்குக் காரணம். எந்தப் பாம்பானாலும் அடிக்கப் போகாதீர்கள். நெருங்கிச் செல்லும்போதுதான் பலர் கடிபடுகிறார்கள். பிள்ளைகளை அப்புறப்படுத்தி, எட்ட நின்று பாம்பைக் கவனித்தபடி, 101-இல் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழையுங்கள். அதைப் பிடித்துக் காட்டில் விட வழி உண்டு. பாம்புகளைக் காக்க 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு.

இரண்டாவது, கடிபட்டவர்மீது. "என்ன பாவமோ, யார் விட்ட சாபமோ" என்கிறோம். இருட்டில் வரப்பில் நடந்ததும், தரையில் படுத்து உறங்கியதும் பாவமா? சிலர் மந்திரிக்க ஓடுகிறார்கள். சிலர் செபம் மட்டும் போதும் என்கிறார்கள். தூதர்கள் தாங்குவார்கள் என்ற 91-ஆம் திருப்பாடலைக் காட்டித்தான் அலகை இயேசுவைக் கோவில் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னது. பாம்பை மிதிப்பதைப் பற்றிய வரியும் அதே திருப்பாடலில்தான் வருகிறது. இயேசுவோ கடவுளைச் சோதிக்க மறுத்துவிட்டார். ஆகவே செபியுங்கள், செபித்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள். கடித்த இடத்தைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இலவசம்.

மூன்றாவது, பாம்பு பிடிப்பவர்மீது. நம் ஏரிக்கரைகளில் குடிசை போட்டு வாழும் இருளர் மக்களைப் பாம்பு வந்தால் தேடுகிறோம். மற்ற நாளில் திண்ணையில் உட்காரச் சொல்கிறோமா? மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்பிடம் நஞ்சை எடுத்துவிட்டு அதைக் காட்டிலேயே விட்டுவிடுகிறது. இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி அவர்கள் கைவழியே வருகிறது. அச்சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கடிபட்ட நம் பிள்ளையின் உடலில் ஏறும் மருந்துக்குப் பின்னால் ஓர் இருளரின் உழைப்பு இருக்கிறது.

பாலைநிலத்தில் பாம்பு கடித்தவர்கள், மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பை நோக்கிப் பிழைத்தார்கள். இயேசு தம் சிலுவையை அதற்கு ஒப்பிட்டார். எதை அஞ்சினார்களோ, அதன் உருவத்தின் வழியாகவே கடவுள் வாழ்வு தந்தார்.

இந்த வாரம் வீட்டை ஒட்டியுள்ள விறகையும் செங்கல் குவியலையும் தள்ளி வைப்போம். 101, 108 எண்களைச் சுவரில் எழுதி வைப்போம். நம் ஊர் இருளர் குடும்பங்களைச் சென்று சந்திப்போம், பாம்பு வருவதற்கு முன்பே.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக. ஆமென்.